ஏகே-47: அரசுக் கிடங்கிலிருந்து மலைக்காட்டுக்கு

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் பாலாறு போகும் சாலை முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஒரு பக்கம் அணையின் நீர்த்தேக்கம், மறுபக்கம் ராகியும் நிலக்கடலையும் விளையும் மேட்டுக்காடு, அதைத் தாண்டினால் மலை. இந்தச் சாலைப் பக்கத்தில்தான் 1980களில் விடுதலைப் புலிகளுக்கான பயிற்சி முகாம் நடந்தது. சாலை முடியும் பாலாற்றுக்கு அருகேதான் 1993 ஏப்ரல் 9 அன்று வீரப்பன் குழு புதைத்து வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். ஒரே பத்தாண்டுக்குள், ஒரே சாலையில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஆயுதக் கதைகள்.

இந்தப் பக்கத்தில் டீக்கடைப் பேச்சில்கூட 'ஏகே ஃபார்ட்டி செவன்' என்ற பெயர் அடிபடும். நிமிடத்துக்கு எத்தனை குண்டு சுடும், எவ்வளவு தூரம் போகும், சேற்றில் போட்டு எடுத்தாலும் சுடுமாமே என்றெல்லாம் கேட்பார்கள். எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி வேறு. அது கிளர்ச்சிக்காரர் கைக்கு எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் தேடிப் போனால், உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே இடத்தில் போய் நிற்கிறோம்: ஏதோ ஒரு அரசாங்கத்தின் ஆயுதக் கிடங்கு.

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மிகயீல் கலாஷ்னிகோவ் 1919இல் சைபீரியாவின் அல்தாய் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தார். 1941 அக்டோபரில் பிரியான்ஸ்க் அருகே காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்த நாட்களில்தான் துப்பாக்கி வடிவமைப்பில் இறங்கினார். போர் முடிந்ததும் சோவியத் ராணுவம் புதிய துப்பாக்கிக்குப் போட்டி வைத்தது. பல சுற்றுச் சோதனைகளுக்குப் பின் 1949இல் அவர் குழுவின் வடிவம் படைக்கு ஏற்கப்பட்டது. பெயரில் இருக்கும் 47 அது உருவான ஆண்டு.

அது பிறந்ததற்கு அடிப்படைக் காரணம் தோட்டா. அதுவரை காலாட்படை வைத்திருந்த ரைஃபிள்கள் பெரிய தோட்டாவைச் சுட்டன. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கொல்லும், ஆனால் தோளை உதைக்கும், தொடர்ந்து சுட்டால் குறி நிற்காது. இன்னொரு பக்கம் சப்-மெஷின் கன். படபடவென்று சுடும், நூறு மீட்டர் சொச்சத்துக்கு மேல் பலனில்லை. பெரும்பாலான சண்டைகள் 300, 400 மீட்டருக்குள்தான் நடக்கின்றன என்பதைப் போர்க்களம் காட்டியது. அதற்கேற்ற நடுத்தரத் தோட்டாவை ஜெர்மானியர்கள் முதலில் செய்தார்கள். எஸ்டிஜி-44 என்ற ஜெர்மன் துப்பாக்கி அப்படித்தான் வந்தது. சோவியத் பக்கம் 7.62×39 மில்லிமீட்டர் தோட்டா வந்தது. அந்தத் தோட்டாவைச் சுற்றிக் கட்டப்பட்டதுதான் ஏகே. 30 தோட்டா பிடிக்கும் மேகசின், நிமிடத்துக்கு 600 என்ற வேகம். விசையை விடாமல் அழுத்திப் பிடித்தால் மேகசின் மூன்று வினாடியில் காலி.

கணபதி, பீளமேடு பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதன் உட்புறம் எளிதில் புரியும். தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுவில் ஒரு பகுதி குழலின் மேல்புறமுள்ள சிறு துளை வழியாக வெளியேறி ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். பிஸ்டனோடு சேர்ந்த கனமான இரும்புத் துண்டு பின்னால் போகும்போது காலித் தோட்டாவை வெளியே வீசும். சுருள்வில் அதை முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறும். இந்த ஏற்பாட்டை வேறு பலரும் செய்திருக்கிறார்கள். கலாஷ்னிகோவ் குழு வேறுபட்டது, நகரும் பாகங்களுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டதில். மண்ணும் மசியும் புகுந்தாலும் அவை ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கும். குழலின் உள்பக்கம் குரோமியம் பூசப்பட்டிருப்பதால் துரு சீக்கிரம் பிடிக்காது. தோட்டா லேசாகக் கூம்பி இருப்பதால் அறையில் சிக்காமல் கழன்று வரும். அந்தக் கூம்பலால்தான் மேகசினும் அரிவாள்போல் வளைந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கிணற்று மேட்டு ஆயில் என்ஜின் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: நுணுக்கம் குறைவு, புகை அதிகம், ஆனால் எவர் கையிலும் ஓடும்.

நகரும் பாகங்களை உள்ளே வைத்திருக்கும் உடல் பெட்டியை முதலில் இரும்புத் தகட்டை அழுத்தி வளைத்துத்தான் செய்யப் பார்த்தார்கள். கழிவுத் துண்டு அதிகம் விழுந்ததால், 1950களின் தொடக்கத்தில் முழு இரும்புக் கட்டியை மில்லிங்கில் குடைந்து எடுக்கும் முறைக்கு மாறினார்கள். உறுதியானது, ஆனால் கனம், செலவு, நேரம். 1959இல் ஏகேஎம் என்ற மேம்பட்ட வடிவம் வந்தபோது ஒரு மில்லிமீட்டர் தகட்டை பிரஸ்ஸில் அடித்து ரிவிட் போட்டுச் சேர்க்கும் முறை கைகூடியிருந்தது. எடை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது. 'பெருமளவு உற்பத்தி' என்ற சொல்லுக்கு அப்போதிருந்துதான் அர்த்தம் வந்தது. இன்று நாம் படங்களில் பார்க்கும் 'ஏகே-47' பெரும்பாலும் இந்த ஏகேஎம்மோ அதன் வெளிநாட்டுப் பிரதியோதான்.

இந்தப் பிரதிகளில்தான் நம் கதை ஆரம்பிக்கிறது. சோவியத் ஒன்றியம் தன் நட்பு நாடுகளுக்குத் துப்பாக்கியோடு அதைச் செய்யும் வழிமுறையையும் கொடுத்தது. சீனா 1956இல் 'டைப் 56' என்று செய்யத் தொடங்கியது. பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, போலந்து, கிழக்கு ஜெர்மனி, வட கொரியா, எகிப்து என்று தொழிற்சாலைகள் பெருகின. ஒவ்வொன்றும் ஓர் அரசின் தொழிற்சாலை. ஒவ்வொரு துப்பாக்கியும் ஓர் அரசின் பேரேட்டில் ஏறியது. இந்தக் குடும்பத்தில் மொத்தம் 10 கோடி துப்பாக்கிகள் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அப்புறம் அவை கைமாறின. 1980களில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையை எதிர்த்த முஜாஹிதீன்களுக்கு அமெரிக்கா கொடுத்தது அமெரிக்கத் துப்பாக்கி அல்ல. சீனாவிலும் எகிப்திலும் வாங்கிய ஏகே வகை. கொடுத்தது யார் என்று தெரியக்கூடாது என்பது ஒரு காரணம். எதிரியிடம் பறித்த தோட்டாவும் பொருந்தும் என்பது இன்னொன்று. விநியோகம் பாகிஸ்தான் உளவுத்துறை கையில் இருந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் பஞ்சாபிலும் காஷ்மீரிலும் அதே வகைத் துப்பாக்கிகள் தோன்றியது தற்செயல் இல்லை.

நம் ஊருக்கு வருவோம். 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் இந்திய அரசு ஈழப் போராளிக் குழுக்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது. டேராடூன் பக்கம் நடந்த பயிற்சியில் டெலோ, ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ், புளொட், புலிகள் என எல்லோரும் இருந்தார்கள். அங்கே கற்று வந்தவர்களைக் கொண்டு புலிகள் தமிழ்நாட்டில் தங்கள் முகாம்களை நடத்தினார்கள். சேலம் மாவட்டக் கொளத்தூர் முகாம் அதில் முக்கியமானது. பொன்னம்மான் என்ற தளபதி அதற்குப் பொறுப்பாக இருந்தார். 1987 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் கைதடியில் நடந்த வெடிவிபத்தில் அவர் இறந்தார். கொளத்தூர்ப் பகுதியில் இன்றும் அவரைப் பெயர் சொல்லிப் பேசுபவர்கள் உண்டு. அந்த நாட்களில் உள்ளூர் மக்கள் கொடுத்த ஆதரவு உண்மையானது. ஜூலையில் செத்தவர்களை நினைத்து மனம் பதைத்துத்தான் அவர்கள் கொடுத்தார்கள். அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மேட்டுக்காட்டில் துப்பாக்கி வெடிக்க முடிந்தது மக்கள் ஆதரவால் மட்டும் அல்ல. மத்தியில் இருந்த அரசு விரும்பியது, மாநில அரசு துணை நின்றது. சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஆயுதக் கண்டெய்னரை வெளியே எடுக்க எம்.ஜி.ஆர். உதவியதைப் புலிகளின் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கமே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அதே மாநில அரசு 1986 நவம்பரில், பெங்களூரு சார்க் மாநாட்டுக்குச் சில நாள் முன்பு, ஒரே இரவில் போராளிகளின் இருப்பிடங்களைச் சுற்றிவளைத்து ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது. கொடுப்பதும் பிடுங்குவதும் அரசின் தேவையைப் பொறுத்தது. கையில் வாங்கியவருக்கோ துப்பாக்கி துப்பாக்கிதான். கொடுத்தவரின் மனம் மாறியதற்காக அது சுடுவதை நிறுத்தாது.

இதன் விலையை இந்திய ராணுவம் ஓராண்டுக்குள் கொடுத்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. இந்தியச் சிப்பாயின் கையில் இருந்தது எஸ்எல்ஆர்: நீளம் ஒரு மீட்டருக்கும் அதிகம், பெரிய தோட்டா, 20 தோட்டா மேகசின், விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரே வெடி. வயல்வெளிச் சண்டைக்கு நல்ல துப்பாக்கி. பனைவடலிக்கும் மதில் சூழ்ந்த சந்துக்கும் அது தோதுப்படவில்லை. எதிரே இருந்த இருபது வயதுப் பையன்களிடம் ஏகே. குன்னூர் வெலிங்டனில் பயிற்சி முடித்துப் போன மெட்ராஸ் ரெஜிமென்ட் ஜவான்களும் அந்தப் படையில் இருந்தார்கள். தமிழ் பேசுபவர்கள் இரு பக்கமும் நின்று சுட்டுக்கொண்டார்கள். அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பும்போது ஏறத்தாழ 1,200 பேரை இழந்திருந்தது. செத்த ஈழத்துப் பொதுமக்களின் கணக்கு இதில் சேராது. அந்த அனுபவத்துக்கும் காஷ்மீருக்கும் பிறகு இந்தியா 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1 லட்சம் ஏகே வகைத் துப்பாக்கிகளை அவசரமாக வெளிநாடுகளில் வாங்கியது. எதிரியின் துப்பாக்கியைப் பார்த்து அரசு தன் துப்பாக்கியை மாற்றிக்கொண்டது.

அதே 1990 ஜூன் 19 அன்று சென்னை கோடம்பாக்கத்தில் ஈபிஆர்எல்எஃப் தலைவர் பத்மநாபாவையும் அவருடன் இருந்தவர்களையும் புலிகள் ஏகே துப்பாக்கியாலும் கையெறி குண்டாலும் கொன்றார்கள். டேராடூனில் ஒரே திட்டத்தில் பயிற்சி வாங்கிய இரண்டு இயக்கங்கள்.

புலிகளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு அதுதான் கடினமான சோதனை. தொழில்நுட்பத்தில் அவர்கள் அளவுக்குத் தாங்களாகச் செய்துகொண்ட கிளர்ச்சி இயக்கம் குறைவு. 'ஜொனி' மிதிவெடி, 'அருள் 89' எறிகுண்டு, 'பசீலன்' பீரங்கி எல்லாம் அவர்கள் பட்டறைகளில் செய்தவை. ஆனாலும் படைக்குப் போதுமான ரைஃபிளையும் தோட்டாவையும் அவர்கள் செய்துகொள்ளவில்லை. வெளிநாட்டில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தார்கள், இல்லையென்றால் இலங்கை ராணுவத்திடமே பறித்தார்கள். இலங்கை ராணுவமும் சீன டைப் 56 வைத்திருந்ததால், விழுந்த முகாமிலிருந்து எடுத்த தோட்டா அப்படியே புலிகளின் துப்பாக்கிக்குப் பொருந்தியது. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கும் அதிகமான சிப்பாய்கள் மாண்டார்கள். கிடங்கு முழுவதும் புலிகளிடம் போனது. 1997இல் இலங்கை அரசு ஜிம்பாப்வேயில் காசு கொடுத்து வாங்கிய ஏறத்தாழ 32,000 மோர்ட்டார் குண்டுகள் புலிகளின் கப்பலில் ஏறி அவர்களிடமே போய்ச் சேர்ந்தன.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தோட்டாக் கணக்கு. ஒரு போராளி நான்கு மேகசின் சுமந்தால் 120 தோட்டா. கொஞ்சம் பதற்றமான ஒரு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். துப்பாக்கி முப்பது, நாற்பது வருடம் உழைக்கும், தோட்டா ஒருமுறைதான். பித்தளையோ இரும்போ வைத்து இழுத்த கூடு, உள்ளே சீரான வெடிமருந்து, அடியில் தீப்பொறி மூடி — லட்சக்கணக்கில் ஒரே அளவில் வேண்டும். இதைக் காட்டுக்குள் செய்ய முடியாது. அதனால்தான் எந்தக் கிளர்ச்சியின் ஆயுளையும் அதன் துப்பாக்கி எண்ணிக்கையைவிடத் தோட்டா வரும் வழியை வைத்துக் கணிப்பது சரியாக இருக்கும். 2007இல் இலங்கைக் கடற்படை புலிகளின் ஆயுதக் கப்பல்களை ஆழ்கடலில் மூழ்கடித்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. முடிவுக்குக் காரணங்கள் பல என்றாலும், வழி அடைபட்டது அதில் பெரியது.

இனி பாலாற்றுப் பக்கக் கதை. வீரப்பன் அரசியல் கிளர்ச்சிக்காரர் அல்ல. யானைத் தந்தமும் சந்தனக் கட்டையும் கடத்திய ஆள். கோபிநத்தம் என்ற ஊரைச் சேர்ந்த அவர் கையில் முதலில் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. பர்கூர், தாளவாடி, கடம்பூர் மலைப்பக்கம் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்த அதே வகைதான்: குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, ஈயக் குண்டைப் போட்டு, ஒரு வெடி. அடுத்த வெடிக்குள் எதிராளி ஓடியே போய்விடலாம். அதை உள்ளூர்க் கொல்லரே செய்வார். எந்த அரசின் பேரேட்டிலும் அது ஏறாது. யானையைக் கொல்ல அது போதும், போலீஸ் படையோடு மோதப் போதாது. அந்தத் தேவை வந்தபோது அவர் எங்கே போனார்? காவல் நிலையத்துக்கு. 1992இல் கர்நாடகத்தின் ராமாபுரம் காவல் நிலையத்தைத் தாக்கி ஐந்து போலீஸாரைக் கொன்று துப்பாக்கிகளை எடுத்துப் போனார்கள். 1998இல் ஈரோடு மாவட்டம் வெள்ளித்திருப்பூர்க் காவல் நிலையத்திலிருந்தும் துப்பாக்கிகளை எடுத்துப் போனார்கள். கடலோ கப்பலோ தேவைப்படவில்லை; அந்தியூர்ப் பக்கத்துக் காவல் நிலையமே கிடங்காக இருந்தது.

அவரைத் தேடிய அதிரடிப்படையின் கையில் ஏகே வந்தது. மலைக்கிராமத்துப் பெரியவர்கள் இந்தத் துப்பாக்கியைப் பெரும்பாலும் முதன்முதலாகப் பார்த்தது சீருடைக்காரர் தோளில்தான். அந்தத் தேடுதலில் மலைவாழ் மக்கள் பட்ட சித்திரவதையை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2004 அக்டோபர் 18 அன்று தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பக்கம் திருடப்பட்ட அரசுத் துப்பாக்கி, இன்னொரு பக்கம் உத்தரவோடு வந்த அரசுத் துப்பாக்கி. நடுவே ஆடு மேய்க்கப் போனவர்கள்.

ஏகே-47 தான் கிளர்ச்சியை உண்டாக்கியது என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மனக்குறை இல்லாத இடத்தில் துப்பாக்கியைக் கொட்டினாலும் போராளி முளைக்கமாட்டார். ஆனால் மனக்குறை இருக்கும் இடத்தில், கல்லும் கோஷமுமாக இருந்ததைச் சில மாதங்களில் போராக மாற்றும் வல்லமை இந்த எளிய துப்பாக்கிக்கு உண்டு. பத்து நாளில் பழகிவிடலாம் என்பதுதான் அதன் கொடுமை. பதினைந்து வயதுப் பிள்ளையையும் சிப்பாயாக்கிவிடுகிறது.

எந்த ஏகேயும் அநாமதேயம் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. குழலும் உடல் பெட்டியும் சேரும் இடத்தின் இடப்புறத்தைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க். முக்கோணத்துக்குள் 66 இருந்தால் சீனா. வட்டத்துக்குள் 10 இருந்தால் பல்கேரியா. பக்கத்தில் வரிசை எண். எந்தத் தொழிற்சாலை, பெரும்பாலும் எந்த ஆண்டு என்பதுவரை சொல்லிவிடலாம். அங்கிருந்து எந்த நாட்டுக்கு விற்கப்பட்டது என்று காட்டும் ஆவணம் இறுதிப் பயனர் சான்றிதழ். 1995 டிசம்பர் 17 இரவு மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஏகே துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் வீசப்பட்டதே, அதுகூட வேறொரு நாட்டின் பெயரில் போலிச் சான்றிதழ் காட்டிப் பல்கேரியாவில் வாங்கியதுதான். இப்படிப்பட்ட எண்களைப் பின்தொடர 2005இல் ஐ.நா. ஒரு நடைமுறை வகுத்தது. ஆயுத வணிக ஒப்பந்தம் 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை.

இப்போது நம் பக்கத்திலேயே துப்பாக்கித் தொழில் வளர்கிறது. உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் 6 லட்சத்துக்கும் அதிகமான ஏகே-203 துப்பாக்கிகளைச் செய்ய ரஷ்யாவுடன் 2021இல் ஒப்பந்தம் போடப்பட்டது. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை ஏகே வடிவத்திலேயே 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' செய்கிறது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் ஓசூரும் இருக்கின்றன. பழைய துப்பாக்கிகள் ஒதுங்கும், புதியவை வரும், காவல் நிலையம் வரை இருப்பு மாறும். இந்த மாற்றத்தின்போதுதான் கணக்கு சரியாக இருக்க வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் 2020இல், சிறப்பு ஆயுதப்படையின் 25 ரைஃபிளும் 12,061 தோட்டாவும் கணக்கில் காணவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கை அறிக்கை சொன்னது. பிறகு குற்றப்பிரிவு சரிபார்த்து, ரைஃபிள்கள் இருக்கின்றன, பதிவுதான் பிசகு என்றது. அந்தத் தணிக்கை நடந்து, அது சட்டமன்றத்துக்கும் வந்ததால்தான் அந்தக் கேள்வியாவது எழுந்தது.

ஆயுதம் பிடிபட்டால் மேசைமேல் பரப்பிவைத்துப் படம் எடுக்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் செய்தியில் வருகிறது. தொழிற்சாலை முத்திரை என்ன, வரிசை எண் எந்தக் கிடங்கின் பதிவேட்டில் இருந்தது, காணாமல் போனதாக எப்போது புகார் பதிவானது என்று நம் செய்தியாளர்கள் அங்கேயே கேட்க வேண்டும். மாவட்டவாரியாகக் காணாமல் போன அரசுத் துப்பாக்கிகள், தோட்டாக்களின் பட்டியலை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்லி கொங்கு மண்டலத்து உறுப்பினர்கள் கேட்டால் நன்றாக இருக்கும். வெள்ளித்திருப்பூர் அவர்கள் எல்லைக்குள்தான் இருக்கிறது.